நிலுவை ஒன்று

சௌந்திரத்தின் மேசையில் எந்தக் கோப்பும் தூங்கியதில்லை. ஒன்றியக் குழு உறுப்பினராக இருந்த காலத்திலேயே அப்படித்தான். பிறகு ஒன்றியத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர் என்று ஒவ்வொரு படியாக ஏறினாள். மூத்த தலைவர் இறந்த வாரத்தில் கட்சிக்குள் இரண்டு பெரிய ஆட்கள் விட்டுக்கொடுக்காமல் முறைத்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் பகையில்லாதவள் என்று அவளைக் கூட்டிவந்து முதலமைச்சர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் தாங்குவாள் என்பது அவர்கள் கணக்கு. ஆறு வருடம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு தேர்தலைத் தன் பேரைச் சொல்லியே ஜெயித்தும் காட்டினாள்.

வந்த முதல் மாதமே ஓர் உத்தரவு போட்டாள். மக்கள் அனுப்பும் எந்த மனுவும் முப்பது நாளுக்கு மேல் நிலுவையில் இருக்கக் கூடாது. முடிந்தால் செய்து கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் காரணம் எழுதி முடிக்க வேண்டும். மாதக் கடைசியில் ஓர் அட்டவணை அவள் மேசைக்கு வரும். அதன் கடைசிக் கட்டத்தில், நிலுவை என்ற தலைப்புக்குக் கீழே, எல்லா மாவட்டத்துக்கும் பூஜ்யம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளே போன் போடுவாள். குரலை உயர்த்தமாட்டாள். “ஏனுங்க, இங்க ஒண்ணுன்னு இருக்குதே, என்னங்க அது?” என்பாள். அடுத்த மாதம் பூஜ்யம் வந்துவிடும்.

ஆறாவது வருடம் மாசியில் சேலத்துக்கு ஆய்வுக்கு வந்திருந்தாள். கூட்ட அரங்கில் ஒவ்வொரு துறையாக எழுந்து நின்று பூஜ்யம் சொன்னது. எல்லாம் முடிந்தபின் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“திரும்பத் திரும்ப எழுதறவங்க பட்டியல் ஒண்ணு எடுத்தீங்களா? ஒருத்தர் மூணாவது தடவையும் எழுதறார்னா, நாம எதையோ சரியா முடிக்கலைன்னு அர்த்தமுங்க.”

பட்டியல் தயாராகத்தான் இருந்தது. இருபத்திரண்டு பேர். பட்டா, முதியோர் உதவித்தொகை, வாய்க்கால், மறுபடியும் பட்டா. விரலை வைத்துக்கொண்டே இறங்கியவள் பதினான்காவது வரியில் நின்றாள்.

இன்பமேரி. கணவர் ஆரோக்கியசாமி, மறைவு. அயோத்தியாப்பட்டணம். மனுக்கள் மூன்று. கோரிக்கை இல்லை. முடிக்கப்பட்டது.

விரல் நின்ற இடத்தை ஓர் அதிகாரி எட்டிப் பார்த்தார். “அது ஒரு மாதிரி கேசுங்கம்மா. கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம சும்மா எழுதறாங்க.”

மேசையின் அந்தக் கோடியில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

“அந்தக் கோப்பைக் கொண்டாங்க,” என்றாள் சௌந்திரம்.

சுற்றுலா மாளிகையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது நிமிடம் அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். கதவுக்கு வெளியே இரண்டு பெண் காவலர்கள் நின்றார்கள். உள்ளே குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும். அவள் கோப்பைத் திறந்தாள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். இடதுபக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும்.

முதல் கடிதம், அவள் பதவியேற்ற மாதத்தில் எழுதியது.

“அன்புள்ள சௌந்திரம், டிவியில் பார்த்தேன். கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாய். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. அவர் இருந்திருந்தால் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பார். எனக்கு முட்டி வலி, மற்றபடி சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு.”

அதன்மேல் ஒரு சிவப்பு முத்திரை, ஒரு எண். கீழே பதில் நகல் குத்தியிருந்தது. மனுதாரர் முட்டி வலி சிகிச்சைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம் எனத் தெரிவிக்கப்படுகிறது.

இரண்டாவது கடிதம் மூன்று வருடம் கழித்து.

“அன்புள்ள சௌந்திரம், முட்டிக்கு ஆஸ்பத்திரி போகச் சொல்லிக் கடிதம் வந்தது. போனேன், மாத்திரை கொடுத்தார்கள். பீரோவைச் சுத்தம் செய்தபோது நம் பச்சைக் குடை கிடைத்தது. ஒரு கம்பி உடைந்திருக்கிறது. அந்தக் குடையில் உன் பாதி எது என் பாதி எது என்று சண்டை போட்டோமே. உன் பாதி இன்னும் இங்கேதான் இருக்கிறது.”

பதில்: குடை வழங்கும் திட்டம் ஏதும் தற்போது நடைமுறையில் இல்லை.

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தும்விட்டாள். வெளியே காவலரின் பூட்ஸ் சத்தம் கதவருகே வந்து நின்றது. அவள் அடக்கிக்கொண்டாள்.

மூன்றாவது கடிதம் போன ஐப்பசியில் எழுதியது. நாலே வரி.

“அன்புள்ள சௌந்திரம், ஒரு நாள் வீட்டுப் பக்கம் வா. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். உன் மாமியாருக்குத் தெரியாமல் வந்து தின்பாயே, அதே குழம்பு. இப்போது பயப்பட மாமியாரும் இல்லை.”

இதற்குக் கிராம நிர்வாக அலுவலரை அனுப்பி விசாரித்திருக்கிறார்கள். அவருடைய அறிக்கை முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. மனுதாரரை நேரில் விசாரித்ததில், தனக்குக் கோரிக்கை ஏதும் இல்லையென்றும், சும்மா எழுதியதாகவும் தெரிவித்தார். அதன் கீழே இன்பமேரி கையெழுத்துப் போட்டிருந்தாள். மனு இருபத்தாறாம் நாளில் முடிக்கப்பட்டது. முப்பது நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே.

யார்மேலும் கோபப்பட முடியவில்லை. அவள் போட்ட உத்தரவைத்தான் எல்லோரும் செய்திருந்தார்கள்.

அவள் இன்பமேரியை முதலில் பார்த்தது தொண்ணூற்றாறில். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வந்த முதல் தேர்தல். புதுச்சத்திரத்தில் பிறந்து, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த பூபதியைக் கட்டிக்கொண்டு சேலத்துக்குக் கிழக்கே வந்தவள் சௌந்திரம். பெண் வார்டு என்றானதால் பூபதி அவளை நிற்க வைத்தார். ஜெயித்தாள். முதல் கூட்டத்துக்கு அவளோடு வந்த பூபதி, பெயர்ப்பலகை வைத்த அவளுடைய நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார். மற்ற பெண் உறுப்பினர்களின் கணவர்களும் அப்படியே. பெண்கள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் பச்சைக் குடையோடு இன்னொரு வார்டு உறுப்பினர் ஒருத்தி உள்ளே வந்தாள், இன்பமேரி. பூபதியின் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, அது இந்தப் புள்ளையோட நாற்காலி. உங்களுக்கு ஆசையா இருந்தா அடுத்த தேர்தல்ல பொடவ கட்டிக்கிட்டு நில்லுங்க. நானே வந்து ஓட்டுக் கேக்கறேன்.”

அரங்கமே சிரித்தது. பூபதியும் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். அவர் நல்ல மனிதர். அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலியிலிருந்து சௌந்திரம் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கூட்டம் முடிய இருட்டிவிடும். ஆத்தூர் ரோட்டில் காளவாசல் நிறுத்தத்தில் இருவரும் டவுன் பஸ்ஸுக்கு நிற்பார்கள். விளக்குக் கிடையாது. மரவள்ளிக் கிழங்கு லாரிகள் வெளிச்சத்தை முகத்தில் அடித்துவிட்டுப் போகும். “நாம கொண்டுவர்ற முதல் தீர்மானம் இந்த ஸ்டாப்புக்கு ஒரு விளக்கு,” என்றாள் இன்பமேரி. அவள் முன்மொழிந்தாள், சௌந்திரம் வழிமொழிந்தாள். நிதி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். “பரவால்லடி. பெரிய ஆளானதும் நீயே போட்டுக் குடு,” என்றாள் இன்பமேரி.

பத்து வருடம் கழித்துச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. தொகுதிக்கு ஒரு பெண்ணை நிறுத்தலாம் என்று கட்சியில் பேச்சு. சீட்டுக் கேட்டு இருவரும் பணம் கட்டினார்கள். நேர்காணலில் முதலில் சௌந்திரத்தைக் கூப்பிட்டார்கள். மூத்த தலைவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இன்பமேரின்னு ஒருத்தங்க கட்டியிருக்காங்களே, எப்படி?”

அந்த அறையின் மின்விசிறி, தலைவரின் விரலில் இருந்த மோதிரம் எல்லாம் சௌந்திரத்துக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவள் சொன்னாள்:

“நல்லவங்கதானுங்க. ஆனா சர்ச்சுக்குப் போற கூட்டத்தைத் தாண்டி ஒரு ஓட்டும் வாங்க மாட்டாங்க.”

அவ்வளவுதான். தலைவர் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார்.

சீட்டு சௌந்திரத்துக்கு வந்தது. இன்பமேரி அன்று மாலையே மாலையோடு வந்தாள். “யாருக்குக் கெடச்சா என்னடி, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திக்குக் கெடச்சுதே.” இருபத்தோரு நாள் அவளுக்காகத் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டாள். செருப்பு அறுந்து, வேறு வாங்க நேரமில்லாமல், கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

சென்னைக்குப் போன பிறகு சௌந்திரம் அவளைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். வேலை என்று சொல்லிக்கொண்டாள். வேலையும் இருந்தது. பூபதி போய் எட்டு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. இப்போது ஒரு நாளைக்கு ஆயிரம் பேரைப் பார்க்கிறாள். எல்லோரும் அம்மா என்கிறார்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒருத்தி மூன்று முறை எழுதியிருக்கிறாள். மூன்றுக்கும் எண் போட்டு மூடியிருக்கிறார்கள்.

சௌந்திரம் மணியை அடித்தாள். செயலர் சிவக்குமார் வந்தார். கையில் நிகழ்ச்சி நிரலும் பென்சிலும் இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை.

“நாளைக்கு ஆத்தூர் ரோட்டுல கட்டடம் திறக்கறோமுங்களே. அதுக்குப் பக்கத்துல ஒரு ஊட்டுக்குப் போகோணும்.”

“எந்த வீடுங்கம்மா?”

அவள் கோப்பை நகர்த்தினாள். சிவக்குமார் பார்த்தார், நிரலைப் பார்த்தார். “பதினொன்று ஐந்துல இருந்து இருபத்தைந்து வரைக்கும் ஒதுக்கலாம். என்ன நோக்கம்னு போடட்டும்?”

சௌந்திரம் அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாகச் சொல்லாத வாக்கியம். அதை நிரலில் எப்படி எழுதுவது?

“தெரிஞ்சவங்க ஊடு. அவ்வளவுதானுங்க.”

சிவக்குமார் ‘மரியாதை நிமித்தம்’ என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் அந்தத் தெருவுக்குள் கார் திரும்பியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதுத் தாரின் வாசனை. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடாகச் சுண்ணாம்புப் பொடி. கயிற்றுக்குப் பின்னால் ஜனம். வாசலில், மடிப்புக் கலையாத புதுச் சேலையில், கையில் ஒரு சால்வையைப் பிடித்துக்கொண்டு இன்பமேரி நின்றாள். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. ஒரு பக்கம் தாங்கித் தாங்கி நின்றாள்.

“வாங்கம்மா,” என்றாள். எங்கே நிற்க வேண்டும், எப்போது சால்வையை நீட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள்போல. அவள் கேமராவையும் பார்த்தாள், சௌந்திரத்தையும் பார்த்தாள்.

உள்ளே ஏதோ கல்யாண மண்டபத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு சோபா பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு நீள்சதுரம் மட்டும் வெளிறாமல் பளிச்சென்று இருந்தது. அதன் மேலே வெறும் ஆணி. சௌந்திரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

குழம்பு வந்தது. அதற்கு முன்னால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தாள். அபிநயா என்று மார்பில் பெயர் குத்தியிருந்த சின்னப் பெண். ஒரு கரண்டி எடுத்துச் சின்னப் பாட்டிலில் ஊற்றி மூடினாள். இன்னொரு கரண்டியை வாயில் வைத்தாள். வைத்ததும் அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

“என்ன சாமி, விஷமா?” என்றாள் இன்பமேரி.

“இல்லைங்க. காரம்.”

“அப்ப அம்மாவுக்குக் குடுக்கலாமா?”

அபிநயா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். சௌந்திரம் சிவக்குமாரைப் பார்த்தாள். “எல்லாரும் வெளிய இருங்க.”

“கதவு திறந்திருக்கணுங்கம்மா.”

“திறந்தே இருக்கட்டும். நீங்க தள்ளி நில்லுங்க.”

எல்லோரும் போனார்கள். இன்பமேரி வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு சோபாவின் கைப்பிடியைப் பிடித்து, முட்டியை மடக்கி, அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“ஏன்டி, ஒரு குழம்பு தின்ன வர்றதுக்கு ரோடெல்லாமா போட்டுக்கிட்டு வருவ?”

சௌந்திரம் அவள் பக்கம் திரும்பினாள். “மேரியக்கா,” என்றாள். அந்த இரண்டு வார்த்தையை வாயில் வைத்து எத்தனை வருடம்.

“தின்னு தின்னு. இருபது நிமிசந்தானாம். ஒரு ஆள் வந்து எங்கிட்ட மணி சொல்லிட்டுப் போறான். உனக்கு எழுதினா எனக்கு விசாரணை வருது. குடை கேட்டேன்னு எழுதிட்டாங்க, தெரியுமா? அந்த வி.ஏ.ஓ. வந்து, உண்மையச் சொல்லுங்க, என்னதான் வேணும்ங்கறான். ஒண்ணும் வேணாம்யான்னா நம்ப மாட்டேங்கறான்.”

இருவரும் சிரித்தார்கள். குழம்பு அப்படியே இருந்தது. சௌந்திரம் வேகமாகச் சாப்பிட்டாள். மூக்கு ஒழுகியது. இன்பமேரி தன் புதுச் சேலை முந்தானையை நீட்டினாள்.

“அந்தச் சுவத்துல என்னக்கா இருந்துச்சு?”

“இயேசுவோட படம். போட்டோவுல விழுந்தா சரியா இருக்காதுன்னு எடுத்து வைக்கச் சொன்னாங்க. ஆண்டவர் கட்டிலுக்கு அடியில ஒக்காந்திருக்காரு. நீ போனதும் வெளிய வந்துருவாரு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு குரலை இறக்கினாள். “உன்னச் சொல்லல. நீ அப்படி நினைக்கிற ஆளா? அன்னிக்கு எனக்கு சீட்டு இல்லன்னதும் ஆளாளுக்கு வந்து சொன்னாங்க, மேரி, நீ சர்ச்சுக்குப் போறவ, அதனாலதான்னு. நான் சொன்னேன், யாரு வேணா சொல்லியிருக்கலாம், உள்ள இருந்தது சௌந்திரம், அவ எனக்காகப் பேசியிருப்பான்னு. ஆரோக்கியசாமிகூட அப்படித்தான் சொல்லுவாரு.”

சௌந்திரம் கையை இலையிலேயே வைத்திருந்தாள். பேசாமல் இருந்துவிடலாம். வெளியே சிவக்குமார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் எட்டு நிமிடம். சாப்பிட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கடிதம் வரும். இனி யாரும் அதற்கு எண் போட மாட்டார்கள். உலகத்தில் ஓர் இடம் மிச்சமிருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட.

ஆனால் அந்த இடத்தில் கூப்பிடப்படுகிறவள், இன்பமேரிக்காகப் பேசிய ஒரு சௌந்திரம். அப்படி ஒருத்தி கிடையாது. தன்னைப் பற்றி இல்லாததைச் சொல்லக் கேட்பதுதான் அவளுக்கு ஆறு வருடமாகத் தினசரி வேலை. அதற்கு இந்த வீடுவரை வந்திருக்க வேண்டியதில்லை.

“நாந்தானுங்க சொன்னேன்,” என்றாள்.

“என்ன?”

“தலைவர் கேட்டார். மேரி எப்படின்னு. சர்ச்சுக்குப் போற கூட்டத்தைத் தாண்டி ஒரு ஓட்டும் வாங்க மாட்டாங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

வெளியே யாரோ வயர்லெஸ்ஸில் ‘ஏழு நிமிடம்’ என்றார்கள். இன்பமேரி முந்தானையை மெல்ல மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அதில் சௌந்திரத்தின் மூக்குத் துடைத்த ஈரம் இருந்தது.

“மொத வாட்டி நான் எத்தன ஓட்டுல ஜெயிச்சேன்?”

“நூத்திப் பதினேழு.” யோசிக்காமல் சொன்னாள் சௌந்திரம்.

“எங்க வார்டுல சர்ச்சுக்குப் போற ஊடு எத்தன?”

“முப்பது இருக்குமுங்க.”

“மிச்சமெல்லாம்?”

“செங்கல் சூளைக்குப் போறவங்க. கிழங்கு மில்லுக்குப் போறவங்க. நம்ம சின்னாயி தெரு.”

“அப்ப நீ தெரியாம சொல்லல.”

“இல்லீங்க. தெரிஞ்சேதான்.”

இன்பமேரி அழவில்லை. சுவரில் ஆணியைப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். சௌந்திரம் தாங்கக் கை நீட்டினாள். இன்பமேரி அதைப் பார்க்காதவள்போல மறு பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குழம்புச் சட்டியின் மேல் தட்டை எடுத்து மூடினாள்.

“கை கழுவ அங்க தண்ணி வெச்சிருக்கு. உங்களுக்கு நேரமாச்சு பாருங்கம்மா.”

“மேரியக்கா.”

“கார் நிக்குது. அந்தத் தம்பி எட்டி எட்டிப் பாக்கறாரு.”

வாசலில் மறுபடியும் கேமராக்கள். இன்பமேரி சொல்லிக்கொடுத்த இடத்தில் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினாள். முதலமைச்சரிடம் என்ன கேட்டீர்கள் என்று ஒரு நிருபர் மைக்கை நீட்டினார்.

“கோரிக்கை ஒண்ணும் இல்லைங்க,” என்றாள் இன்பமேரி.

கார் கண்ணாடி ஏறியது. புதுத் தாரில் சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. பதினொன்று இருபத்து நான்கு என்று சிவக்குமார் குறித்துக்கொண்டார். ஒரு நிமிடம் மிச்சம்.

சித்திரை போனது. வைகாசி போனது. தபாலில் வரும் கடிதங்களைத் தானே பார்க்க வேண்டும் என்று சௌந்திரம் சொன்னபோது சிவக்குமார் திகைத்தார். ஒரு நாளைக்கு மூவாயிரம் வரும். “சேலத்துல இருந்து வர்றது மட்டுமுங்க,” என்றாள். அதுவே ஒரு சாக்கு வந்தது. காலையில் தேநீர் ஆறும் நேரத்தில் உறைகளின் மேல் கையெழுத்தை மட்டும் பார்த்துத் தள்ளுவாள்.

ஆனி மாதம் அது வந்தது. இடதுபக்கம் சாய்ந்த கையெழுத்து. இந்த முறை நோட்டுத் தாள் இல்லை, முழுநீள வெள்ளைத் தாள்.

அனுப்புநர், பெறுநர் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கு. பொருள்: தெரு விளக்கு வேண்டுதல்.

“ஐயா, அம்மா, வணக்கம். ஆத்தூர் சாலையில் காளவாசல் பேருந்து நிறுத்தத்தில் விளக்கு இல்லை. வேலை முடிந்து வரும் பெண்கள் இருட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. இது குறித்து முன்பு ஒன்றியக் குழுவில் தீர்மானம் கொண்டுவந்தும் பலனில்லை. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, இன்பமேரி.”

சௌந்திரம் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள். ‘முன்பு’ என்ற சொல்லில் கொஞ்சம் நின்றாள். தீர்மானத்தை யார் வழிமொழிந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அன்றே உத்தரவு போனது. பதினோராம் நாள் விளக்கு எரிந்தது. முறைப்படி ஒரு புகைப்படத்தோடு கோப்பு திரும்பி வந்தது. சாயங்கால வெளிச்சத்தில் புதுக் கம்பம். அதன் கீழே மின்வாரிய ஆளும் கிராம நிர்வாக அலுவலரும் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. இருக்கிறார்களா என்று சௌந்திரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தூரத்தில் ஒரு லாரி மட்டும் வந்துகொண்டிருந்தது.

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டா முடிச்சுரலாங்கம்மா,” என்றார் சிவக்குமார். கோரிக்கை ஏற்கப்பட்டு மனு முடித்து வைக்கப்படுகிறது என்று தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். நாக்கு தானாகப் பல்லுக்கு நடுவே வந்து நின்றது. அதை உணர்ந்ததும் பேனாவை மூடினாள்.

“இது இங்கயே இருக்கட்டுமுங்க.”

“வேலைதான் முடிஞ்சிருச்சுங்களே.”

“இருக்கட்டும்.”

மேசையின் வலது இழுப்பறையில், கோடு போட்ட மூன்று நோட்டுத் தாள்களுக்கு மேல் அந்தக் கோப்பை வைத்தாள்.

மாதக் கடைசியில் அட்டவணை வந்தது. முப்பத்தெட்டு மாவட்டம். சேலத்துக்கு நேரே கடைசிக் கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. மறுநாள் அவள் கேட்பதற்கு முன்னால் சேலத்திலிருந்தே போன் வந்தது. புதிதாக வந்த அதிகாரி.

“மன்னிக்கணுங்கம்மா, எங்க சைடுல எல்லாம் முடிச்சாச்சு. அந்த ஒண்ணு எங்க நிக்குதுன்னு தேடிக்கிட்டிருக்கோம்.”

“தேட வேண்டாமுங்க,” என்றாள் சௌந்திரம். “அது எங்கிட்டத்தான் இருக்குது.”